கொழுப்பு மஞ்சளாக இருந்தால் மாட்டுக்குக் காமாலையா?

கறியில் இருக்கும் சத்தைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினாலும் எழுதினேன், தபால் பை நிரம்பிவிட்டது. பாதிக் கடிதம் திட்டு, அது எனக்குப் பழகிப்போன விஷயம். மீதியில் இருந்த நல்ல கேள்விகளை எடுத்துக்கொண்டேன். கால்நடை மருத்துவராக தர்மபுரி, கிருஷ்ணகிரி இந்த இரண்டு மாவட்டத்திலும் சுற்றியவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (காரிமங்கலம்): கடையில் வாங்கி வந்த மாட்டுக்கறியில் கொழுப்பு நல்ல மஞ்சள் நிறத்தில் இருந்தது. காமாலை வந்த மாடு என்று மாமியார் சொன்னதால் ஒரு கிலோவையும் தூக்கி எறிந்துவிட்டோம். செய்தது சரிதானா?

பதில்: ஒரு கிலோ வீணாகிப் போனதுதான் மிச்சம் அம்மா. மாமியாரையும் குறை சொல்ல முடியாது, பார்க்க அப்படித்தான் இருக்கும்.

கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டின் பச்சைப் புல்லிலும் இருக்கிறது, புல்லின் பச்சை அதை மூடி மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். பசு இனம் அதில் ஒரு பங்கைத்தான் வைட்டமின் ஏ ஆக மாற்றும். மாறாத மிச்சம் கொழுப்பில் போய்த் தங்கும். வருடக்கணக்கில் மேய்ந்த மாடு என்றால் வருடக்கணக்கில் சேரும், அதனால்தான் வயசான மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கிறது. எருமை அப்படி இல்லை, கிட்டத்தட்ட மொத்தத்தையும் வைட்டமின் ஏ ஆக்கிவிடும். ஆகவே அஞ்செட்டி காட்டில் பசுவும் எருமையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே புல்லைக் கடித்தாலும் ஒன்றின் கொழுப்பு மஞ்சள், இன்னொன்றின் கொழுப்பு வெள்ளை. ஆட்டுக்கும் வெள்ளைதான். கடைக்காரர் மாடு என்று சொல்லி எருமையைக் கொடுக்கிறாரா என்று சந்தேகம் வந்தால் கொழுப்பைப் பாருங்கள், ஓரளவுக்குத் தெரியும். ஓரளவுக்குத்தான். வெறும் காய்ந்த ராகித் தாளிலேயே காலம் தள்ளிய மாட்டின் கொழுப்பும் வெளுப்பாகத்தான் இருக்கும், வெயிலில் காயும்போது தாளில் இருக்கும் கரோட்டின் போய்விடுகிறதே.

அப்புறம் காமாலையைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால், கொழுப்பை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். நிஜமான காமாலையில் பித்த நிறம் உடம்பு முழுக்க ஏறியிருக்கும். நரம்பு என்று நாம் சொல்கிறோமே அந்த வெள்ளைத் தசைநார், மூட்டுக் குருத்தெலும்பு, கண்ணின் வெள்ளை எல்லாமே மஞ்சளடித்திருக்கும். தீவன மஞ்சள் கொழுப்பைத் தாண்டாது. உங்கள் துண்டில் கொழுப்பு மஞ்சளாகவும் அதை ஒட்டிய தசைநார் பளிச்சென்று வெள்ளையாகவும் இருந்திருந்தால், நீங்கள் எறிந்தது நல்ல கறி.

கேள்வி (ஓசூர்): புல் மேய்ந்த மாட்டின் கறி மருந்து, மக்காச்சோளம் தின்ற மாட்டின் கறி விஷம் என்று அமெரிக்க டாக்டர் ஒருவர் வீடியோவில் சொல்கிறார். பெங்களூரில் ஒரு கடையில் 'புல் மேய்ந்தது' என்று ஒட்டி ஏறக்குறைய இரட்டை விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இந்த ஒரு கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லாம் ஓசூர்ப் பக்கம். கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன், டீ ஆறிவிட்டால் நான் பொறுப்பில்லை.

அமெரிக்காவில் கறிக்கு வளர்க்கும் மாடு முதலில் மேய்ச்சலில்தான் வளர்கிறது. கடைசி நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பெரிய பட்டிகளில் அடைத்து, மக்காச்சோளம் பெரும்பங்கு இருக்கிற அடர்தீவனம் போட்டுக் கொழுக்க வைப்பார்கள். அதைத்தான் தானியத்தில் முடிப்பது என்கிறார்கள். அந்தக் கடைசி சில மாதத் தீவனம் கறியின் ரசாயனத்தை மாற்றுமா என்றால், மாற்றும். எதை மாற்றும் என்பதுதான் விஷயம். மாறுவது கொழுப்பு. சதை மாறுவது ரொம்பக் குறைவு.

மாட்டின் முதல் இரைப்பையை ஒரு பெரிய ஊறல் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள். புல்லில் உள்ள கொழுப்பு கொஞ்சம்தான், ஆனால் அதில் பெரும்பங்கு லினோலெனிக் அமிலம், அதாவது உடம்புக்கு நல்லது என்கிறார்களே அந்த ஒமேகா-3 வகை. மக்காச்சோளத்தில் இருப்பது லினோலெயிக், ஒமேகா-6 வகை. இரண்டுமே இந்த நுண்ணுயிர்களுக்குப் பிடிக்காது, அவற்றுக்கு அது நஞ்சு. அதனால் ஹைட்ரஜனை ஏற்றி ஏற்றிக் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடும். மாட்டுக்கொழுப்பு சாப்பிட்ட கையில் உறைந்து பிசுக்காக ஒட்டுவதற்கு இதுதான் காரணம். பன்றிக்கு இந்தப் பானை கிடையாது, அது தின்ற எண்ணெய் ஏறக்குறைய அப்படியே அதன் கொழுப்பில் வந்து உட்காரும். மாட்டில் நுண்ணுயிர்களிடம் தப்பித்த கொஞ்சம்தான் கறிக்கு வந்து சேரும். புல்லில் இருந்து தப்பித்தது ஒமேகா-3, தானியத்தில் இருந்து தப்பித்தது ஒமேகா-6.

இந்த ஹைட்ரஜன் ஏற்றும் வேலை பாதியில் நிற்கும்போது வேக்சினிக் அமிலம் என்று ஒன்று மிஞ்சும். மாட்டின் உடம்பு அதை எடுத்து சி.எல்.ஏ. என்கிற கொழுப்பமிலமாக மாற்றிக்கொள்ளும். இதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பாரிசா என்ற விஞ்ஞானி, வறுத்த மாட்டுக்கறியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறதா என்று தேடப்போனார். அதைத் தடுக்கிற பொருளும் அதே கறியில் இருப்பது தெரிந்தது. அது சி.எல்.ஏ.தான் என்று 1987-இல் அவருடைய குழு எழுதியது. எல்லாம் எலி, சுண்டெலியில் பார்த்தது. வீடியோ டாக்டர் அந்த எலியைத் தாண்டி நம்மிடம் வந்துவிட்டார்.

தானியம் அதிகமானால் பானையில் புளிப்பு ஏறும். நம் ஊரில் இதைப் பார்க்காத விவசாயி இல்லை. மாட்டுப் பொங்கல் அன்று பாசத்தில் பொங்கலையும் சோற்றையும் குண்டான் குண்டானாக வைத்துவிடுவார்கள், மறுநாள் விடியும் முன் எனக்குப் போன் வரும். வயிறு உப்பிக் கிடக்கும், அசை போடாது, சாணி தண்ணியாகப் புளித்த நாற்றத்தோடு போகும், கைவைத்துப் பார்த்தால் காது சில்லென்றிருக்கும். ஒரு வருஷம் பாலக்கோடு பக்கம் ஒரே தெருவில் மூன்று மாடு. எளிதில் செரிக்கிற மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனதால் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாகக் கொட்டித் தீர்த்தது. அமெரிக்கப் பட்டியில் இதே விஷயம் சாகாத அளவுக்கு, பழக்கப்படுத்தி, தினமும் நடக்கிறது. புளிப்பு ஏறிய பானையில் நுண்ணுயிர்க் கூட்டமே மாறிப்போய், வேக்சினிக் அமிலத்துக்குப் பதிலாக வேறொரு டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும், சி.எல்.ஏ. குறையும். புல்லில் நிறைய இருக்கிற வைட்டமின் ஈ-யும் தானியத்தில் குறைவு.

இதுவரை வீடியோ டாக்டர் சொன்னது சரிதான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் பார்த்ததில், ஒமேகா-6 ஒமேகா-3 விகிதம் புல் மாட்டில் சராசரியாக ஒன்றரைக்கு ஒன்று, தானிய மாட்டில் ஏழரைக்கு ஒன்றுக்கும் மேல். கேட்கவே பயமாக இருக்கிறதா? இப்போது விகிதத்தை விட்டுவிட்டு எடையைப் போட்டுப் பாருங்கள். கொழுப்பு நீக்கிய தொடைக்கறி 100 கிராமில் 3 கிராம் கொழுப்பு என்று வைப்போம். புல் மாட்டில் அதில் நூற்றில் ஒரு பங்கு லினோலெனிக் என்றால் 30 மில்லிகிராம். தானிய மாட்டில் பத்து பதினைந்து. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது ஆணுக்கு 1600, பெண்ணுக்கு 1100 மில்லிகிராம். முப்பதோ பத்தோ, இரண்டுமே சமுத்திரத்தில் பெருங்காயம். 100 கிராம் மத்தி மீனில் உடம்பு நேரடியாக எடுத்துக்கொள்ளும் வகை ஒமேகா-3 சுமார் ஒரு கிராம் இருக்கிறது. சி.எல்.ஏ. கதையும் அதேதான், மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் தினம் கிராம் கணக்கில் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள், உங்கள் தட்டில் விழுவது மில்லிகிராம்.

இன்னொன்றையும் அந்த வீடியோ சொல்லாது. நம் ஊர்க் கடைக்கு வருவது தானியத்தில் கொழுக்க வைத்த மாடே இல்லை. 1958-ஆம் வருடச் சட்டப்படி பொதுவாகப் பத்து வயதுக்கு மேல், வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் மாட்டை அறுக்க முடியும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அடிமாடாகக் கைமாறுகிற எருதைப் பாருங்கள், ஏர் இழுத்து, வண்டி இழுத்து, சோளத்தட்டும் ராகித் தாளும் தின்று, விலா எலும்பு எண்ணிவிடலாம். அதற்கு யார் மக்காச்சோளம் போட்டார்கள்? அமெரிக்கச் சண்டையில் நம் எருதுக்கு இடமே கிடையாது. ஆக, இங்கே கிடைக்கிற கறி ஏறக்குறைய எல்லாமே 'புல் மேய்ந்தது'தான், காய்ந்த புல்லாக இருந்தாலும். அதை ஒரு ஸ்டிக்கருக்காக இரட்டை விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அந்த வார்த்தைக்கு அமெரிக்க வேளாண் துறையே வைத்திருந்த தர வரையறையை 2016 ஜனவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது, இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (பென்னாகரம்): மகளுக்கு ரத்தசோகை. எந்தத் தீவனம் தின்ற மாட்டில் இரும்புச்சத்து அதிகம்?

பதில்: எதில் என்று பார்க்க வேண்டியதில்லை. 100 கிராம் கறியில் இரும்பு இரண்டு மூன்று மில்லிகிராம், துத்தநாகம் நாலைந்து, வைட்டமின் பி12 ஏறக்குறைய ஒரு நாள் தேவை. புரதம் இருபது கிராமுக்கு மேல். தீவனம் மாறினாலும் இவை பெரிதாக மாறாது. பி12-ஐ மாடு தீவனத்திலிருந்து எடுப்பதில்லை, அதே பானையில் நுண்ணுயிர்கள்தான் செய்து தருகின்றன, அதற்குக் கொஞ்சம் கோபால்ட் இருந்தால் போதும். கறியில் உள்ள இரும்பில் பெரும்பங்கு ரத்த நிறமிக்குள் இருப்பது, கீரையில் உள்ளதைவிட எளிதில் உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கறியை நம்பாதீர்கள்.

கேள்வி (பாப்பிரெட்டிப்பட்டி): பசுக்களுக்கு மரவள்ளி திப்பிதான் முக்கியத் தீவனம், வெயில் காலத்தில் வேறு வழியில்லை. மழைக்காலத்தில் மஞ்சளாக இருந்த நெய் இப்போது வெளுத்துவிட்டது. கலப்படம் செய்கிறேன் என்று வாங்குகிறவர்கள் பேசுகிறார்கள்.

பதில்: முதல் கேள்வியின் பதிலை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். மஞ்சள் கொழுப்பும் மஞ்சள் நெய்யும் ஒரே கரோட்டின்தான். ஐப்பசி கார்த்திகையில் வரப்புப் புல் இருக்கும், நெய் மஞ்சள். பங்குனி சித்திரையில் திப்பியும் காய்ந்த தட்டும், நெய் வெளுப்பு. திப்பி என்பது மாவு எடுத்தது போக மீந்த சக்கை, மாவுச்சத்தும் நாரும்தான், புரதம் சொற்பம், கரோட்டின் பெயருக்கும் இல்லை. அதனோடு கடலைப் புண்ணாக்கோ பருத்திக்கொட்டையோ சேர்க்காமல் போடாதீர்கள். சூப்பர் நேப்பியர், வேலிமசால் என்று பத்து சென்ட் இடத்தில் வைத்தால் கூட வெயிலில் ஒரு கைப்பிடி பச்சை கிடைக்கும், நெய்யிலும் நிறம் திரும்பும். ஒரேயடியாகத் திரும்பாது, சில வாரம் ஆகும். பச்சை மரவள்ளி இலையையும் தோலையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சயனைடு விஷத்தில் மாடு விழுந்ததை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள்.

கேள்வி (பாலக்கோடு): பக்ரீத்துக்கு விற்கக் கிடாக் குட்டிகளுக்கு மூன்று மாதமாக மக்காச்சோளமும் தவிடும் போடுகிறேன். கறிச் சத்து குறைந்துவிடுமா?

பதில்: ஆடும் அசை போடுகிற பிராணிதான் பாய், மாட்டுக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும். சதையின் சத்து குறையாது, கொழுப்பு கூடும், அதன் வகை மாறும். ஆனால் வெள்ளாடு கொழுப்பைச் சதைக்குள் சேர்த்துவைக்காது, குடலைச் சுற்றியும் சிறுநீரகத்தைச் சுற்றியும் அடைத்துவைக்கும். நீங்கள் போட்ட மக்காச்சோளத்தில் ஒரு நல்ல பங்கு வயிற்றுக்குள் வெள்ளைத் திரையாகத் தொங்கப்போகிறது, வாங்குகிறவர் எடைக்குக் காசு கொடுத்து, அறுத்ததும் அதைத் தனியாக எடுத்துவைப்பார். செம்மறி என்றால் வேறு ஒரு வேடிக்கை, தானியம் அளவுக்கு மீறினால் தோலடிக் கொழுப்பு கெட்டிப்படாமல் எண்ணெய் போல இளகி நிற்கும்.

உங்களுக்கு நான் சொல்லவேண்டிய அவசரமான விஷயம் சத்தைப் பற்றியதே இல்லை. தானியமும் தவிடும் அதிகம் தின்கிற கிடாவுக்கு மூத்திரக் கல் வரும், இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம். குட்டி முக்கிக்கொண்டு நின்று, சொட்டுச் சொட்டாகப் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது கிடா போய்விட்டதென்று அழுதவர்களை எனக்குத் தெரியும். பச்சைத் தழை, எந்நேரமும் நல்ல தண்ணீர், கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து.

கேள்வி (கிருஷ்ணகிரி): புல் மாட்டுக்கறியில் கொலஸ்ட்ரால் இல்லையாமே?

பதில்: யார் சொன்னது? எந்த மாடாக இருந்தாலும் 100 கிராமுக்கு 60, 70 மில்லிகிராம் இருக்கும். செல் இருக்கிற இடத்தில் கொலஸ்ட்ரால் இருக்கும்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): வாங்கிய கறி கருஞ்சிவப்பாக, கைக்குப் பிசுபிசுவென்று இருந்தது. குக்கரில் எட்டு விசில் விட்ட பிறகும் ரப்பர். தீவனக் கோளாறா?

பதில்: தீவனம் இல்லை, தீவனம் இல்லாமை. லாரியில் நெருக்கி ஏற்றி, தண்ணீர் காட்டாமல், இரண்டு நாள் நிற்கவைத்து, இறக்கியதும் அறுத்தால் இப்படித்தான் வரும். சதைக்குள் கிளைக்கோஜன் என்று ஒரு சர்க்கரை இருப்பு உண்டு. அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாகி, சதையின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5 பக்கம் வந்து நிற்கவேண்டும், அப்போதுதான் கறி நல்ல சிவப்பில், ஓரளவு ஈரம் கசிந்து இருக்கும். பயந்தும் பட்டினி கிடந்தும் அந்த இருப்பு உயிரோடு இருக்கும்போதே தீர்ந்துவிட்டால் பி.எச். 6-க்குக் கீழே இறங்காது. தண்ணீரைச் சதை விடாது, நிறம் கறுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். ரப்பருக்குக் காரணம் பெரும்பாலும் வயசு, பதினைந்து வயசு எருதின் தசைநார் எட்டு விசிலுக்கு மசியாது. பப்பாளிக்காயை அரைத்துத் தடவி அரைமணி வைத்துப் பாருங்கள், அதற்கு மேல் வைத்தால் மேற்பக்கம் கூழாகிவிடும். எருமைக்கறி இயல்பிலேயே கருத்த நிறம், அதையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (அரூர்): பாட்டி காலத்தில் உப்புக்கண்டம் மாதக்கணக்கில் இருந்தது. நான் போட்டால் இரண்டே வாரத்தில் சிக்கடிக்கிறது, கெட்டுப்போன எண்ணெய் வாடை. இந்தக் காலத்து மாட்டுத் தீவனம்தான் காரணமா?

பதில்: சிக்கு வாடை கொழுப்பிலிருந்து வருவது, நீங்கள் சரியான இடத்தில்தான் மோந்து பார்த்திருக்கிறீர்கள். இரட்டைப் பிணைப்பு அதிகமுள்ள கொழுப்பமிலங்களைக் காற்றும் வெளிச்சமும் முதலில் தாக்கும், ஒமேகா-3 அதில் முதல் பலி. பச்சை மேய்ந்த மாட்டில் அந்த வகை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அதைக் காக்கிற வைட்டமின் ஈ-யும் கூடவே வருகிறது, கறி பழுப்பாகாமல் சிவப்பாக நிற்பதற்கும் அதுதான் உதவி. காய்ந்த தட்டிலேயே வளர்ந்த மாட்டில் அந்தக் காவல் குறைவு. அமெரிக்கப் பட்டிக்காரர்கள் கறி கடையில் நிறம் மங்காமல் இருக்கட்டும் என்று தீவனத்திலேயே வைட்டமின் ஈ கலக்கிறார்கள்.

இருந்தாலும் உங்கள் வீட்டு விஷயத்தில் நான் மாட்டைச் சந்தேகப்பட மாட்டேன், கத்தியைத்தான் சந்தேகப்படுவேன். பாட்டி எப்படி அரிந்தார் என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு பொட்டுக் கொழுப்பு இல்லாமல் சீவி எடுத்து, விரல் கனத்துக்கு நீளமாக வார்ந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்து மாலை மாலையாகத் தொங்கவிட்டிருப்பார். நீங்கள் ருசிக்காகக் கொழுப்போடு போட்டு, காய்ந்ததும் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து ஜன்னல் ஓரம் வைத்திருப்பீர்கள், எழுதாவிட்டாலும் தெரிகிறது. இந்த முறை கொழுப்பைத் தனியாக எடுத்து உருக்கி வறுவலுக்கு வைத்துக்கொண்டு, சதையை மட்டும் காயப் போட்டுப் பாருங்கள், அப்போதும் சிக்கடித்தால் மறுபடி எழுதுங்கள்.